பூனைக்குக் காதுச் சிற்றுண்ணி மூன்றாவது முறையாக வந்திருக்கிறது: எங்கே தவறுகிறோம்?

காவிரிக்கரை வீடு | ஜூன் 21, இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு வயதுப் பெண் பூனை ஒன்று இருக்கிறது. தை மாதத்தில் அது பின்னங்காலால் காதை ஓயாமல் சொறிந்துகொண்டும் தலையை உதறிக்கொண்டும் இருந்ததால் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தோம். டிகாஷன் இறங்கிய பிறகு ஃபில்டரில் தங்கும் காபிச் சக்கையைப் போல, கறுத்த அழுக்கு பொடிப்பொடியாக அப்பியிருந்தது. அருகிலுள்ள மருத்துவர் அதைக் காதுச் சிற்றுண்ணி என்று கூறி, காதில் விடுவதற்குச் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். பத்தே நாளில் காது சுத்தமாகிவிட்டதால் மருந்தை நிறுத்திவிட்டோம்.

பங்குனியில் அதே கறுப்பு அழுக்கு மீண்டும் வந்தது. அதே மருந்தை விட்டோம், அதுவும் சரியானது. இப்போது ஆனி பிறந்து ஒரு வாரம்தான் ஆகிறது, மூன்றாவது முறையாக வந்திருக்கிறது. இந்தத் தடவை சொறிந்த வேகத்தில் காதின் பின்புறம் முடி கொட்டிப் புண்ணாகிவிட்டது. இரவில் அது தூங்குவதே இல்லை. அதனால் நாங்களும் தூங்குவதில்லை. மருந்து வீரியம் இழந்துவிட்டதா? அல்லது பூனை மொட்டைமாடியில் திரியும்போது ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிடித்துக்கொண்டு வருகிறதா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


வேப்பேரியில் படித்தவன் | ஜூன் 21, இரவு 10.35

வணக்கம் ஐயா. சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து, பதினான்கு ஆண்டுகளாக நாய், பூனை முதலிய சிறு விலங்குகளுக்கு மருத்துவம் பார்த்துவருகிறேன். உங்கள் பூனையை நேரில் பார்க்காமல் உறுதியாக எதையும் கூற இயலாது. ஆயினும் நீங்கள் எழுதியதில் ஒரு சொல் என் கண்ணில் பட்டது: பத்து நாள்.

இந்தச் சிற்றுண்ணியின் பெயர் ஓட்டோடெக்டிஸ் சைனோடிஸ். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான உடல் கொண்டது. சொறிச் சிற்றுண்ணியைப் போலத் தோலைத் துளைத்து உள்ளே போகாமல், காதின் உட்தோல் மீதே நடமாடி, உதிரும் தோல் செதில்களையும் அங்கே கசியும் நீரையும் தின்று வாழ்வது. பெண் உண்ணி இடும் முட்டைகள் காதின் உட்பரப்பில் பசைபோல் ஒட்டிக்கொள்கின்றன. அவை பொரிவதற்கு ஏறக்குறைய 4 நாள் ஆகும். பொரித்து, இடைப்பருவங்களைக் கடந்து, முட்டையிடும் முதிர்ந்த உண்ணியாவதற்கு மொத்தம் 3 வாரம் பிடிக்கும். முதிர்ந்த உண்ணி ஏறத்தாழ 2 மாதம் வாழும். காதில் விடும் பழைய வகைச் சொட்டு மருந்துகள் பலவும் நடமாடும் உண்ணிகளைக் கொல்லுமே தவிர முட்டைகளைத் தொடுவதில்லை. நீங்கள் பத்தாம் நாளில் மருந்தை நிறுத்தியபோது அழுக்கும் அரிப்பும் போயிருந்தன. ஆனால் அப்போதுதான் பொரித்தவையும், பொரிக்கவேண்டியவையும் உள்ளேயே இருந்திருக்கலாம். ஆகவேதான் அவ்வகை மருந்துகளை இடைவிடாமல் குறைந்தது 3 வாரமாவது விடவேண்டும் என்கிறோம். காது பளிச்சென்று தெரிவதை வைத்து நிறுத்தும் நாளை முடிவு செய்யக்கூடாது.

இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். முதலாவது, வீட்டில் வேறு விலங்குகள் உண்டா? இரண்டாவது, மூன்று முறையும் காதழுக்கை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்களா, இல்லை முதல் முறை பார்த்துவிட்டு மற்ற இரண்டு முறையும் அதுவாகத்தான் இருக்கும் என்று மருந்து விட்டீர்களா?


காவிரிக்கரை வீடு | ஜூன் 22, காலை 7.20

மிக்க நன்றி டாக்டர். இரண்டாவது கேள்விக்கு விடை எனக்கே வருத்தமாக இருக்கிறது. முதல் முறை மட்டுமே மருத்துவரிடம் சென்றோம். அவரும் டார்ச் வெளிச்சத்தில்தான் பார்த்தார். பின்னர் பழைய சீட்டைக் காட்டி மருந்தை மட்டும் வாங்கினோம்.

வேறு விலங்குகள் உண்டு. ஒன்பது வயதுக் கடுவன் பூனை ஒன்றும், நாட்டு நாய் ஒன்றும் இருக்கின்றன. இரண்டும் காதைச் சொறிவதே இல்லை என்பதால் அவற்றைப் பற்றி எழுதத் தோன்றவில்லை. பெண் பூனையும் கடுவனும் ஒரே பழைய சேலை விரிப்பில்தான் சுருண்டு படுத்துக்கொள்ளும்.


கோவை குட்டிவீடு | ஜூன் 22, காலை 8.05

ஐயா, அந்தக் கடுவனைத்தான் முதலில் பார்க்கவேண்டும் என்று நினைக்கிறேன். நான் தெருவில் விடப்பட்ட பூனைக்குட்டிகளை எடுத்து வளர்த்து, நல்ல வீடுகளில் சேர்ப்பவள். இதுவரை என் கைக்கு வந்த குட்டிகளில் காது சுத்தமாக வந்தவை மிகச் சிலவே. குட்டிகள் பால் குடிக்கும் நாளிலேயே தாயின் காதிலிருந்து அவற்றுக்கு உண்ணி ஏறிவிடுகிறது. ஒரு முறை தாயும் நான்கு குட்டிகளுமாக ஒரு குடும்பம் வந்தது. குட்டிகள் நான்கும் காதைக் கிழித்துக்கொண்டிருந்தன. தாயோ அமைதியாகப் படுத்திருந்தது. அதன் காதில் அழுக்குகூட அதிகமாக இல்லை. ஆகவே குட்டிகளுக்கு மட்டும் மருந்து விட்டேன். ஆறு வாரம் போராடிய பிறகு, மருத்துவர் தாயின் காதிலிருந்து பஞ்சில் தொட்டு எடுத்ததை நுண்ணோக்கியில் காட்டினார். அதில் ஊர்ந்துகொண்டிருந்தவற்றைக் கண்டதும் அந்தக் குட்டிகள் பட்ட ஆறு வார வேதனைக்கு நானே காரணம் என்று மனம் மிகவும் நொந்துபோயிற்று. வளர்ந்த பூனைகளில் சில எந்த அறிகுறியும் காட்டாமல் மாதக்கணக்கில் உண்ணியைச் சுமக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன். அதன் பிறகு ஒன்றுக்கு வந்தால் வீட்டிலுள்ள அத்தனைக்கும் ஒரே நாளில் மருந்து என்பதை மாற்றியதே இல்லை.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சிறு சோதனை: காதின் வாய்ப்புறத்தில் உள்ள அழுக்கைப் பஞ்சால் தொட்டு, ஒரு கறுப்புக் காகிதத்தில் உதிர்த்து, விளக்கடியில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். ஊசிமுனை அளவு வெண்புள்ளிகள் நகர்ந்தால் சந்தேகம் இல்லை. நகரவில்லை என்றால் உண்ணி இல்லை என்று பொருளாகிவிடாது. அப்போது நுண்ணோக்கிதான் சொல்லவேண்டும்.


கீரைப்பாத்தி | ஜூன் 22, பிற்பகல் 1.40

பெரியவர்கள் மன்னிக்கவும். எங்கள் பாட்டி காலத்தில் வேப்பெண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்து, வெதுவெதுப்பாக இரண்டு சொட்டு விடுவார்கள். நாய்க்கும் பூனைக்கும் அதுதான் மருந்து. இத்தனை மருந்துப் பெயர்களும் செலவும் இல்லாமலே அவை குணமானதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.


வேப்பேரியில் படித்தவன் | ஜூன் 22, இரவு 9.50

உங்கள் பாட்டி கண்டது பொய்யில்லை. எந்த எண்ணெயையும் காதில் விட்டால் சில உண்ணிகள் மூச்சடைத்துச் சாகும், அழுக்கு இளகி வெளியே வரும், அரிப்பும் சற்றுத் தணியும். ஆயினும் கற்பூரத்தைப் பூனைக்குப் பயன்படுத்துவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். மனிதனும் நாயும் கல்லீரலில் எளிதாக முறித்து வெளியேற்றும் பல பொருள்களை முறிப்பதற்கான நொதி பூனைக்குப் போதுமான அளவில் இல்லை. கற்பூரம் நரம்புகளைத் தாக்கி வலிப்பைத் தரக்கூடிய நஞ்சு. காதில் விட்டாலும் பூனை தலையை உதறி, பாதத்தால் துடைத்து, அந்தப் பாதத்தை நக்கி அதை வயிற்றுக்குள் கொண்டுபோய்விடும். தேயிலை மர எண்ணெய் என்று புட்டிகளில் விற்கப்படுவதும் பூனைக்கு ஆபத்தானதே. வேப்பெண்ணெயைத் திரளாக நக்கிய பூனைகள் எச்சில் ஒழுகி, நடுங்கியபடி வந்ததையும் பார்த்திருக்கிறேன். மண்ணெண்ணெய், புகையிலைச் சாறு, ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவற்றை ஏற்கெனவே புண்பட்ட காதில் விட்டுவிட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். அந்த விலங்குகள் படும் பாட்டைப் பார்த்தால் யாரும் இரண்டாவது முறை செய்யமாட்டார்கள்.

இன்னொன்றும் கூறவேண்டும். நாய், பூனைகளின் காதுக்குழாய் நேராக உள்ளே போவதில்லை. மேலிருந்து கீழே இறங்கி, பிறகு உட்பக்கமாகத் திரும்பும். காதுக்குச்சியை நுழைத்தால் அழுக்கு வெளியே வருவதற்குப் பதிலாக அந்தத் திருப்பத்தில் போய் அடைத்துக்கொள்ளும். காது கழுவும் கரைசலை நிரம்ப விட்டு, காதின் அடிப்பகுதியை வெளிப்புறமாக அரை நிமிடம் மென்மையாகப் பிசைந்துவிட்டு, விலங்கு தானாகத் தலையை உதறவிட்டு, மேலே வந்த அழுக்கை மட்டும் பஞ்சால் துடைப்பதே முறை. செவிப்பறை கிழிந்திருந்தால் இதையும் செய்யக்கூடாது; சில காது மருந்துகள் கிழிந்த செவிப்பறை வழியாக உட்செவிக்குள் சென்றால் கேட்கும் திறனையும் உடலின் சமநிலையையும் கெடுத்துவிடும். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ, விலங்கு வட்டமாகச் சுற்றினாலோ, நடக்கும்போது தள்ளாடினாலோ எதையும் விடாமல் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.


கீரைப்பாத்தி | ஜூன் 22, இரவு 10.15

கற்பூரத்தைப் பற்றி நீங்கள் கூறியதை ஏற்றுக்கொள்கிறேன் டாக்டர். எங்கள் தெருவில் இன்னும் இரண்டு வீடுகளில் அதைச் செய்கிறார்கள். நாளையே போய்ச் சொல்லிவிடுகிறேன்.


மாடித்தோட்டம் | ஜூன் 23, காலை 6.55

இடையில் என் கேள்வியையும் வைக்கிறேன். எங்கள் பூனைக்கும் இதே தொல்லை இருக்கிறது. வீட்டில் ஏழு மாதக் கைக்குழந்தையும் இருக்கிறது. பூனையை வெளியே விட்டுவிடும்படி மாமியார் கூறுகிறார். மனிதர்களுக்கு இது ஒட்டுமா?


வேப்பேரியில் படித்தவன் | ஜூன் 23, இரவு 9.30

அம்மா, பூனையை வெளியே விடவேண்டாம். இந்த உண்ணி மனித உடலில் நிலைத்து வாழ்வதில்லை. பூனையை மடியில் வைத்துக்கொள்பவர்களின் முன்கையில் சிறு சிவந்த தடிப்பும் அரிப்பும் எப்போதாவது வரலாம். பூனைக்குக் குணமானதும் அதுவும் போய்விடும். சிகிச்சை முடியும்வரை குழந்தையின் தொட்டிலில் பூனை ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இதைத் தன் உடலிலேயே சோதித்த ஒருவரைப் பற்றிக் கூறவேண்டும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ராபர்ட் லோபஸ் என்ற கால்நடை மருத்துவர், பூனையின் காதிலிருந்து எடுத்த உண்ணிகளைத் தன் காதிலேயே விட்டுக்கொண்டார். ஒரு முறையுடன் நில்லாமல் மூன்று முறை செய்து பார்த்து, 1993இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் எழுதினார். உண்ணிகள் நடமாடும் ஓசையும் அரிப்பும் இரவில் உச்சத்துக்குப் போய்த் தூங்கவிடாமல் செய்தன என்றும், அடுத்தடுத்த முறைகளில் தொல்லை குறைந்தது என்றும் பதிவுசெய்தார். அவருக்கு 1994இல் இக் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. அந்தப் பரிசு சிரிப்பதற்காகத் தருவது என்பார்கள். எனக்கு அந்தக் கட்டுரையைப் படிக்கும்போது சிரிப்பு வரவில்லை. பேச முடியாத ஓர் உயிர் இரவெல்லாம் எதை அனுபவிக்கிறது என்பதை ஒரு மனிதர் தன் காதால் கேட்டு எழுதியதாக நான் அறிந்தது அது ஒன்றுதான்.


முயல்கூடு | ஜூன் 23, இரவு 10.05

நான் ஒரு தவறைச் சொல்லவந்தேன். என் பூனைக்கு இதே நோய் வந்தபோது, தீவனக் கடையில் ஒருவர் மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்தைக் கொடுத்து, அரை மில்லி போட்டால் போதும் என்றார். போட்டுவிட்டேன். அன்று மாலையே பூனை நடுங்கத் தொடங்கியது, கண் தெரியாமல் சுவரில் மோதியது. நான்கு நாள் மருத்துவமனையில் வைத்துப் பிழைக்கவைத்தார்கள். இப்போது என் முயலின் காதிலும் பொருக்குத் தெரிகிறது. இம்முறை எதையும் நானாகச் செய்யப்போவதில்லை.


வேப்பேரியில் படித்தவன் | ஜூன் 24, இரவு 9.15

உங்கள் பூனை பிழைத்ததில் மிக்க மகிழ்ச்சி. கணக்கைப் பாருங்கள். அந்த மாட்டு மருந்து ஒரு சதவீதம்; அதாவது ஒரு மில்லியில் 10 மில்லிகிராம். பூனைக்கு மருத்துவர்கள் கணக்கிடும் அளவு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். 4 கிலோ பூனைக்கு அது 0.8 மில்லிகிராம், மருந்தில் 0.08 மில்லி. அரை மில்லியில் இருப்பதோ 5 மில்லிகிராம், ஆறு மடங்குக்கும் மேல். சிறு குட்டிகளுக்கு மூளையைக் காக்கும் தடுப்பு முழுமையாக வளர்ந்திருக்காது என்பதால் அவற்றுக்கு இன்னும் ஆபத்து. கோலி முதலான சில நாய் இனங்களில் இந்த மருந்தை மூளையிலிருந்து வெளியேற்றும் மரபணு பழுதுபட்டிருக்கும் என்பது 2001இல் கண்டறியப்பட்டது. அவற்றுக்குச் சிற்றளவே கெடுதலாகலாம்.

முயலின் காதில் வருவது வேறு உண்ணி; சோரோப்டிஸ் இனம். அடுக்கடுக்காகத் தடித்த பொருக்குக் கட்டும். அதைப் பிய்க்கவே கூடாது. அடியில் பச்சைப் புண் இருக்கும், முயல் வலியில் துடித்துப்போகும். உரிய மருந்து கொடுத்தால் பொருக்குத் தானாக உதிரும். நாய், பூனைகளுக்குத் தெள்ளுப்பூச்சிக்காக விடும் ஃபிப்ரோனில் மருந்தை முயலுக்கு விட்டுவிடாதீர்கள். அது முயலின் உயிரையே எடுக்கும்.

மருந்துகளைப் பற்றிப் பொதுவாகவும் கூறிவிடுகிறேன். இன்று நான் அதிகம் நம்புவது பிடரித் தோலில் விடும் செலாமெக்டின். கிலோவுக்கு குறைந்தது 6 மில்லிகிராம் என்று எடைக்கேற்பத் தரப்படும். அது உடலெங்கும் பரவிப் பல வாரங்கள் நிற்பதால், பிறகு பொரிக்கும் உண்ணிகளும் தப்புவதில்லை. ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை விட்டால் பெரும்பாலும் போதும். இமிடாகுளோபிரிட், மாக்சிடெக்டின் இரண்டும் சேர்ந்த மருந்தும் நன்கு வேலை செய்கிறது. ஃப்ளூராலனர் போன்ற ஐசோக்சசோலின் வகை மருந்துகளும் இந்த உண்ணியைக் கொல்லும். ஆனால் வலிப்பு வந்திருக்கும் விலங்குக்கு அவற்றைத் தரும்முன் மருத்துவரிடம் அதைச் சொல்லியாகவேண்டும். எதுவானாலும் விலங்கு தலையைத் திருப்பி நக்க முடியாத இடத்தில், முடியை விலக்கித் தோலின் மீதே விடவேண்டும். நாய்க்கென்று விற்கும் பெர்மெத்ரின் கலந்த மருந்தைச் சிறிதளவும் பூனை மீது விடாதீர்கள். வீட்டில் நாயும் பூனையும் சேர்ந்து படுப்பதாக இருந்தால் நாய்க்கும் அதைத் தவிர்த்துவிடுவது நல்லது.


ராஜபாளையத்து நண்பன் | ஜூன் 25, காலை 8.30

எங்கள் லாப்ரடாருக்கும் காதில் பழுப்பு அழுக்கு வருகிறது, புளித்த வாடையும் அடிக்கிறது. இதே மருந்து போதுமா? மேலும், எங்களிடமுள்ள வெள்ளை ராஜபாளையம் கூப்பிட்டால் திரும்புவதில்லை. சிறுவயதில் வந்த காது உண்ணியால் செவிடாகிவிட்டது என்று விற்றவர் கூறினார்.


வேப்பேரியில் படித்தவன் | ஜூன் 25, இரவு 10.00

நாயின் காதில் வாடையும் பழுப்பு அழுக்கும் இருந்தால் நான் முதலில் ஐயுறுவது உண்ணியை அன்று. மலசீசியா என்னும் பூஞ்சையை. மடிந்து தொங்கும் காது, நம் ஊர்ப் புழுக்கம், குளித்தபின் துவட்டாத ஈரம், தோல் ஒவ்வாமை ஆகியவை சேரும்போது அது பெருகும். உண்ணி மருந்தால் அதற்கு எந்தப் பயனும் இல்லை. பூனைகளின் காதுநோயில் ஏறத்தாழப் பாதிக்கு உண்ணியே காரணம். நாய்களிலோ பத்தில் ஒன்றுகூட இராது. நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். உங்கள் ராஜபாளையத்தைப் பொறுத்தவரை, அந்த இனத்தில் வெண்ணிறத்தோடு சேர்ந்து பிறவிச் செவிடு வருவது நன்கு அறியப்பட்டது. விற்றவர் கூறிய காரணத்தை நான் நம்பமாட்டேன்.

பூனையின் காது மடல் ஓரத்திலும் முகத்திலும் சாம்பல் நிறப் பொருக்குப் படர்ந்திருந்தால் அது நோட்டோயெட்ரிஸ் என்னும் சொறி உண்ணியாக இருக்கலாம். தெருப் பூனைகளில் அதை அடிக்கடி காண்கிறேன். அதை மனிதர்கள் தொட்டால் அரிக்கும்; கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.


காவிரிக்கரை வீடு | ஜூன் 28, இரவு 8.45

மூன்றையும் வேறொரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். பெண் பூனையின் காதழுக்கில் உண்ணிகள் ஏராளமாக இருந்தன. கடுவனின் காதில் அழுக்கே இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஆழத்திலிருந்து எடுத்ததில் முட்டைகளும் மூன்று உண்ணிகளும் இருந்தன. நாயிடம் எதுவும் தென்படவில்லை. இருந்தாலும் மூன்றுக்கும் எடை பார்த்து அதே நாளில் செலாமெக்டின் விட்டார்கள். பெண் பூனையின் காது மடல் பணியாரம்போல் உப்பத் தொடங்கியிருந்ததையும் கண்டுபிடித்தார். இடைவிடாமல் உதறியதால் உள்ளே இரத்தக்குழாய் உடைந்து இரத்தம் கட்டுகிறதாம். இன்னும் சில நாள் விட்டிருந்தால் அறுவை செய்யவேண்டியிருக்கும் என்றார். கழுத்தில் கூம்புப் பட்டை போட்டு, பின்னங்கால் நகங்களை வெட்டிவிட்டார். காதின் உள்ளே சேர்ந்திருந்த நுண்ணுயிர்த் தொற்றுக்குத் தனியாக மருந்து தந்தார்.

விரிப்பையும் கூடையையும் என்ன செய்வது?


கோவை குட்டிவீடு | ஜூன் 28, இரவு 9.20

உண்ணி காதுக்கு வெளியேயும் சில நாள் தாக்குப்பிடிக்கும் ஐயா. பழைய சேலையைக் கொதிக்கும் நீரில் ஊறவைத்துத் துவைத்து, மொட்டைமாடி வெயிலில் நன்றாகக் காயப்போடுங்கள். வாரம் ஒரு முறை, இரண்டாவது தவணை முடியும்வரை. சீப்பையும் அவ்வாறே செய்யுங்கள். வீடு முழுவதும் பூச்சி மருந்து அடிக்கத் தேவையில்லை. அது பூனைகளுக்குத்தான் கெடுதல். மாடிக்கு வரும் பூனைகளுக்குச் சோறு வைக்கிறீர்கள் என்றால் தனித் தட்டில், உங்கள் பூனைகள் உள்ளே இருக்கும் நேரத்தில் வையுங்கள். புதிதாக எந்தக் குட்டியை எடுத்தாலும் மூன்று, நான்கு வாரம் தனி அறை. காது சோதித்து மருந்து விட்ட பிறகே மற்றவற்றோடு சேர்க்கவேண்டும். 8 வாரம் நிறையாத குட்டிக்கு மருந்தும் அளவும் மருத்துவரே தீர்மானிக்கட்டும்.


காவிரிக்கரை வீடு | ஆகஸ்ட் 18, இரவு 9.00

நீண்ட நாள் கழித்து எழுதுகிறேன். ஜூலை இறுதியில் மூன்றுக்கும் இரண்டாவது தவணை விட்டோம். சென்ற வாரம் மீண்டும் காதுகளைச் சோதித்தார்கள். இரண்டு பூனைகளிடமும் உண்ணியோ முட்டையோ இல்லை. காதின் பின்புறம் முடி முளைத்துவிட்டது. மடலில் சிறு சுருக்கம் மட்டும் நின்றுவிட்டது. அது மாறாது என்று மருத்துவர் கூறினார். இரவில் இப்போது வீடு அமைதியாக இருக்கிறது.

நேற்று மழையில் நனைந்தபடி வாசலில் ஒரு குட்டி நின்றது. எடுத்துத் துடைத்துப் பார்த்தோம். இரண்டு காதிலும் காபிச் சக்கை. அதைப் பின்கட்டு அறையில் தனியாக வைத்திருக்கிறோம். கடுவன் அந்தக் கதவடியில் மூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இன்னும் நான்கு வாரத்துக்குக் கதவைத் திறக்கமாட்டோம். நாளை காலை குட்டியை எடை போட்டு, காதைச் சோதிக்க அழைத்துச் செல்கிறோம்.